ஊர்ப் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான், போனவர்களின் நினைவாக: கேள்வி பதில்

என் தம்பி யாழ்ப்பாணத்து வடமராட்சியில் பாடசாலை அணிக்குக் கரப்பந்தாட்டம் (வொலிபோல்) விளையாடியவன். 2015இல் டொராண்டோவில் இறந்தான். அவனுடைய முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு (நினைவுப் புத்தகம்) அடிக்க வைத்திருந்த காசில் பாதியை எடுத்துப் பந்தும் வலையும் வாங்கிக் கொடுத்தோம். அன்று தொடங்கியது, ஒவ்வொரு வருடமும் திவசத்தையொட்டி இலங்கையின் வடக்கில் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்துக்குச் செய்துவருகிறேன். இதே எண்ணத்தோடு பலர் கேட்கிறீர்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, அப்பாவின் ஆண்டுத் திவசம் வருகிறது. கிளிநொச்சிப் பக்கம் ஒரு பாடசாலைக்குக் கிரிக்கெட் சாமான் முழு செட்டாக அனுப்ப ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: கடைக்குப் போகாதீர்கள், முதலில் அதிபருக்கு ஒரு போன் எடுங்கள். அங்கே பிள்ளைகள் என்ன விளையாடுகிறார்கள், பழக்குவதற்கு ஆள் இருக்கிறதா, மைதானம் எப்படி, சாமான் எங்கே வைப்பார்கள் என்று கேளுங்கள். அப்பாவுக்குக் கிரிக்கெட் பிடிக்கும் என்பது எனக்கு விளங்குகிறது, ஆனால் தோல் பந்துக் கிரிக்கெட் என்றால் காலுக்குப் பேட், கையுறை, அடிவயிற்றுக் கார்டு, ஹெல்மெட் எல்லாம் வேண்டும், அதற்கு மேலே ஒரு ஒழுங்கான பிட்ச் வேண்டும். யாழ்ப்பாணத்தில் 1904இலிருந்து 'வடக்கின் மாபெரும் போர்' என்ற கிரிக்கெட் போட்டியை ஆடும் யாழ் மத்திய கல்லூரியிலும் பரியோவான் கல்லூரியிலும் அது இருக்கிறது, உள்ளே ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் டென்னிஸ் பந்தில்தான் விளையாடுவார்கள். அவர்களிடம் 156 கிராமுக்குக் குறையாத ஒரு தோல் பந்தைக் கொடுத்துவிட்டு ஹெல்மெட் இல்லாமல் விட்டால் அது தானம் இல்லை, ஆபத்து. டென்னிஸ் பந்து நாற்பதும் நல்ல மட்டை நாலும் கொடுத்தால் ஒரு வருடம் முழுக்க விளையாடுவார்கள்.

இன்னொன்று, கரப்பந்தாட்டத்தையும் யோசியுங்கள். 1991இலிருந்து இலங்கையின் தேசிய விளையாட்டு அதுதான். ஒரு வலை, நாலு பந்து, இரண்டு இரும்புத் தூண். தூணை ஊரிலேயே வெல்டிங் கடையில் செய்யலாம். ஆண் பிள்ளைகளுக்கு 2.43 மீட்டர், பெண் பிள்ளைகளுக்கு 2.24 மீட்டர் உயரத்தில் வலை நிற்க வேண்டும், அதனால் ஏற்றி இறக்கக் கொளுக்கி வைக்கச் சொல்லுங்கள். பெரிய வகுப்புக்கு அளவான அந்த உயரத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக் கை எட்டாது, அவர்களுக்காக இன்னும் கீழேயும் ஒரு கொளுக்கி வேண்டும்.

கேள்வி: பெண் பிள்ளைகளுக்கு என்ன கொடுக்கலாம்? எல்லாரும் பெடியன்களுக்கே கொடுக்கிறார்கள்.

பதில்: இதைக் கேட்டதற்கே உங்களைக் கட்டிப்பிடிக்க வேண்டும். வலைப்பந்தாட்டம் (நெட்போல்)! நானும் ஆடியவள். தர்ஜினி சிவலிங்கம் யாழ்ப்பாணத்துப் பிள்ளைதானே. 2009லும் 2018லும் இலங்கை ஆசியக் கிண்ணத்தை எடுத்தபோது அணியில் இருந்தவர். ஒரு சோடி கம்பம் (வளையம் தரையிலிருந்து 3.05 மீட்டரில் வர வேண்டும்), 5ஆம் அளவுப் பந்து, அப்புறம் யார் எந்த இடத்தில் ஆடுகிறார் என்று காட்ட மார்பில் கட்டும் எழுத்துப் பட்டி இரண்டு செட். பட்டியைப் பலர் மறந்துவிடுவார்கள். விளையாட உடுப்பும் முக்கியம். நல்ல காற்சட்டையும் டீசேட்டும் இல்லாததாலேயே வெட்கப்பட்டு மைதானத்துக்கு வராமல் நின்ற பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். அளவை ஆசிரியையிடம் கேட்டு வாங்குங்கள், பிள்ளைகளிடம் நேராகக் கேட்க வேண்டாம்.

கேள்வி: இங்கே லண்டனில் வாங்கிக் கப்பலில் போடுவதா, அங்கேயே வாங்குவதா?

பதில்: பெரும்பாலும் அங்கேயே. பந்து, வலை, மட்டை எல்லாம் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் கடையில் கிடைக்கிறது. நான் முதல் தடவை பெரிய பெட்டி ஒன்றைக் கடல் வழியாக அனுப்பினேன், போய்ச் சேர இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது, திவசம் கடந்துவிட்டது, பெட்டிக் கூலியில் இன்னும் ஆறு பந்து வாங்கியிருக்கலாம். புதுச் சாமானை மொத்தமாக அனுப்பினால் சுங்கத்தில் வரி கேட்கவும் இடம் உண்டு. காசை அனுப்பி, கடைப் பில்லைப் பாடசாலை பெயரில் போடச் சொல்லி, பொருட்பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். அதன் பிரதி ஒன்று, அதிபரின் கையெழுத்தும் முத்திரையும் வைத்து உங்களுக்கு வர வேண்டும். இதைக் கேட்பதில் கூச்சப்பட வேண்டாம், நல்ல அதிபர்கள் தாமாகவே அனுப்புவார்கள்.

ஊருக்குப் போகிறவர்கள் பயணப் பெட்டியில் கொண்டுபோகலாம். பந்துக் காற்றை இறக்கிவிட்டால் ஒரு பெட்டிக்குள் நிறைய அடங்கும். மட்டையைக் கையில் கொண்டு ஏற முடியாது, செக்-இன்னில் போடுங்கள். பம்பும் ஊசியும் கட்டாயம்! ஊசி ஒரு டசின் எடுங்கள். பத்துப் பந்து இருந்தும் காற்றடிக்க ஒரு ஊசி இல்லாமல் எல்லாம் மூலையில் சப்பிப்போய்க் கிடப்பதைப் பார்த்து அழுகை வந்தது எனக்கு.

கேள்வி: பழைய சப்பாத்து கொடுக்கலாமா?

பதில்: உங்கள் பிள்ளைக்குப் போடக் கொடுப்பீர்களா என்று பாருங்கள். கொடுப்பீர்கள் என்றால் கழுவி, மண் போக்கி, காய வைத்து, சோடியாகக் கயிற்றில் கட்டி, அளவை எழுதிக் கொடுங்கள். அளவு தெரியாவிட்டால் பிள்ளைகளின் பாதத்தைத் தாளில் வரைந்து சென்டிமீட்டரில் அனுப்பச் சொல்லுங்கள், நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். அடி வாங்கிய ஹெல்மெட் மட்டும் வேண்டவே வேண்டாம், வெளியே வெடிப்புத் தெரியாவிட்டாலும்.

கேள்வி: உதைபந்து எந்த அளவு?

பதில்: 12 வயதுக்கு மேல் 5, அதற்குக் கீழ் 4, மிகச் சின்னவர்களுக்கு 3. கல்லும் நெருஞ்சி முள்ளும் உள்ள மைதானம் என்றால் விலை கூடிய பந்து ஒரு மாதம் தாங்காது, தடித்த ரப்பர் பந்து வாங்குங்கள்.

கேள்வி: கனடாவில் வரிக் கழிவு கிடைக்குமா?

பதில்: நேராகப் பாடசாலைக்கு அனுப்பினால் கிடைக்காது. இங்கே பதிவு செய்த தொண்டு நிறுவனம் ஒன்றின் வழியாகச் செய்தால்தான் ரசீது.

கேள்வி: சாமானில் அம்மாவின் பெயரும் படமும் போடலாமா? பெரிய விழாவாக வைக்கச் சொல்லி மாமா நிற்கிறார்.

பதில்: பெயர் போடுங்கள், அதில் ஒரு பிழையும் இல்லை, ஆனால் சாமான் வைக்கும் அலுமாரியில் போடுங்கள். பந்தில் எழுதினால் ஒரு கிழமையில் அழிந்துவிடும், அது உங்களுக்குத்தான் மனவருத்தம். அப்புறம் ஒரு அனுபவம் சொல்கிறேன். இரண்டாம் வருடம் நாங்கள் கொடுத்த பள்ளிக்கூடத்தில் தம்பியின் படத்தோடு விழா வைத்தார்கள், மாலை போட்டார்கள், எல்லாரும் அழுதோம். அடுத்த வருடம் போய்ப் பார்த்தால் பந்துகள் பொலித்தீன் உறைகூடப் பிரிக்காமல் அலுமாரிக்குள். "நினைவுக்குத் தந்த சாமான், பழுதாகிவிடும் என்று பூட்டி வைத்தோம்" என்றார்கள். அவர்கள் மரியாதையாகத்தான் செய்தார்கள், என்றாலும் என் நெஞ்சு அடைத்துவிட்டது. இப்போது கொடுக்கும் கடிதத்திலேயே எழுதிவிடுகிறேன்: இவை தேய்ந்து கிழிய வேண்டும், கிழிந்தால் சொல்லுங்கள், மறுபடி தருகிறோம். மாமாவிடம், விழாக் காசில் வலை ஒன்று கூட வாங்கலாம் என்று சொல்லிப் பாருங்கள்.

பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படம் எடுத்து எல்லா இடமும் போடுவதும் வேண்டாம் அம்மா. அவர்கள் விளையாடும்போது தூரத்தில் நின்று எடுத்த ஒரு படம் போதும், அதுவும் ஆசிரியரிடம் கேட்டுவிட்டு.

கேள்வி: என் மகன் போன வருடம் தவறிவிட்டான், 16 வயது. அவனுடைய மட்டையை ஊர்ப் பிள்ளைக்குக் கொடு என்று எல்லாரும் சொல்கிறார்கள். கை வரவில்லை அக்கா. நான் செய்வது பிழையா?

பதில்: இல்லை ராசாத்தி, பிழையே இல்லை. அதை வைத்திருங்கள். ஊர்ப் பிள்ளைக்குப் புது மட்டை வாங்கிக் கொடுக்கலாம், அந்தப் பிள்ளையின் உயரத்துக்குப் பார்த்து வாங்கியது அவனுக்கு இன்னும் நன்றாகக் கைக்கு வரும். மகனுடைய மட்டையை வெயில் படாத இடத்தில் வையுங்கள், வருடத்துக்கு ஒரு தடவை துணியில் லின்சீட் (ஆளி விதை) எண்ணெய் கொஞ்சம் தொட்டு மெல்லத் தடவுங்கள், மரம் வெடிக்காது. என் தம்பியின் பந்து ஒன்று இன்னும் என் அறையில்தான் இருக்கிறது. காற்று இறங்க இறங்க நான் அடித்துக்கொண்டே இருக்கிறேன்.