எரிச்சலும் தூக்கமும்: கேள்வி பதில்

மன்னார்குடிப் பக்கம் பொது மருத்துவம் பார்க்கிறேன். ஒரு வாரமாக வந்த கேள்விகளில் சில.

கேள்வி (நீடாமங்கலம்): மும்முனை கரண்ட் ராத்திரியிலதான் வருது டாக்டர். மோட்டார் போட பதினோரு மணி, மடை மாத்த ரெண்டு மணின்னு எந்திரிக்கிறேன். ஏழு மணி நேரம் படுத்துத்தான் இருக்கேன். ஆனா காலையில புள்ளைங்க வாயைத் தொறந்தாலே எரிஞ்சு விழுறேன்.

பதில்: படுத்த நேரம் வேறு, தூங்கிய நேரம் வேறு அண்ணே. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் 62 பேரை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள், 2015-ல் வெளியானது. சிலரை ராத்திரியில் பலமுறை எழுப்பினார்கள். சிலரைத் தாமதமாகப் படுக்கவைத்து, அதன்பின் தொந்தரவு செய்யவில்லை. இரண்டாம் ராத்திரி முடிந்ததும் எழுப்பப்பட்டவர்களின் நல்ல மனநிலை 31 சதவீதம் குறைந்தது, மற்றவர்களுக்கு 12தான். விட்டுவிட்டுத் தூங்கியவர்களுக்கு ஆழ்ந்த தூக்கமே சரியாகக் கிடைக்கவில்லை. கெட்ட மனநிலையில் இந்த அளவு வித்தியாசம் இல்லை என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். உங்களுக்கும் கோபம் புதிதாக முளைத்திருக்காது, பிள்ளைகள் சத்தத்தைச் சிரித்துக் கடக்கிற தெம்புதான் தீர்ந்திருக்கும்.

ஆட்டோ ஸ்டார்ட்டர் மோட்டாரைப் போடும், மடை திறக்காது. அதனால் பங்காளியோடு ராத்திரிக்கு ஒருத்தர் என்று முறை வையுங்கள். மதியம் 20 நிமிஷம் கண்ணயரலாம். சாயங்காலம் வரை நீட்ட வேண்டாம்.

கேள்வி (கும்பகோணம்): வீட்டுக்காரருக்குப் பயங்கரக் குறட்டை. பகல்ல கல்லாவிலேயே தூங்கி வழியுறார். யாராவது சில்லறை கேட்டா கத்துறார்.

பதில்: இன்று ராத்திரி செல்போனில் அந்தக் குறட்டையைப் பதிவு பண்ணுங்கம்மா. போன மாதம் ஒரு அம்மா கொண்டுவந்து காட்டினார்: குறட்டை, சட்டென்று நிசப்தம், பிறகு காற்று அடைத்த பம்பு செட் தண்ணீர் பிடிக்கிற மாதிரி ஒரு திணறல். அந்த நிசப்தத்தில் மூச்சே இல்லை. ஒவ்வொரு தடவையும் மூளை அவரை அரைகுறையாக எழுப்பிவிடும், அவருக்கே தெரியாது. மணிக்கு 5 தடவைக்கு மேல் இப்படி நின்றால் அது நோய், 30-ஐத் தாண்டினால் கடுமையானது. தூக்கப் பரிசோதனை செய்து பாருங்கள். அதுவரை வண்டி ஓட்ட விடாதீர்கள். அவர் குணத்தைப் பற்றிய பஞ்சாயத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: ராத்திரி ஏழு மணிக்கு ஒரு டிகிரி காபி. தப்பா?

பதில்: குடித்த காஃபினில் பாதி இறங்கவே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். பன்னிரண்டு மணிக்கும் அரை டம்ளர் உள்ளே இருக்கிறது. மூன்று மணிக் காபியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நானும் அதோடுதான் நிறுத்துகிறேன், மனசில்லாமல்.

கேள்வி: மூட்டை தூக்குற உடம்பு சார். குவார்ட்டர் போட்டாத்தான் தூக்கம் வருது.

பதில்: வருவது சீக்கிரம், கலைவதும் சீக்கிரம். பின்னிரவுத் தூக்கத்தைச் சாராயம் துண்டு துண்டாக்கும், குறட்டையையும் கூட்டும். தினமும் குடிப்பவரென்றால் திடீரென நிறுத்தாமல் டாக்டரைப் பார்த்து நிறுத்துங்கள்.

கேள்வி: நல்லாத் தூங்கியும் எரிச்சல் போகலைன்னா?

பதில்: தைராய்டு, சர்க்கரை பாருங்கள். இரண்டு வாரமாக எதிலும் பிடிப்பில்லை, விடியுமுன் விழிப்பு வந்துவிடுகிறது என்றால் மனச்சோர்வாக இருக்கலாம். அரசின் மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிடுங்கள், இலவசம். தமிழிலேயே பேசலாம்.