வளைவில் மின்னும் சிவப்பு விளக்கு

கேள்வி: இறம்பொடை இறக்கத்தில், வளைவுகளில் மட்டும் என் வானின் சிவப்பு பிரேக் விளக்கு மின்னி அணைகிறது. தொடர்ந்து ஓடலாமா?
– வாசகர், புசல்லாவை

பதில்: வேண்டாம், ஓரமாக நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் முழுதாக இறங்கியிருந்தால், பெரும்பாலும் பிரேக் ஒயில் குறைந்திருக்கிறது. வளைவில் ஒயில் ஒருபக்கம் சாய, டாங்கியிலுள்ள மிதவை தாழ்ந்து விளக்கை எரிக்கும். ஒயிலை நிரப்பிக் குறையை மறைத்துவிடாதீர்கள். பிரேக் பேட் தேய்ந்தால் ஒயில் மட்டம் மெல்லத்தான் இறங்கும். சட்டென்று இறங்கினால் கசிவு. சில்லுகளின் உட்பக்கம் ஈரமா என்று பாருங்கள். பெடல் மெத்தென்று அமுங்கினால் வானை இழுத்துத்தான் கராஜுக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஒயிலின் வயதையும் கேளுங்கள். புதிய டொட் 3 ரக பிரேக் ஒயில், பிரேக் சூட்டில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் உறிஞ்சிய பழையது 140 பாகையிலேயே கொதிக்கலாம். ஆவிக்குமிழி அமுங்க, பெடல் தரைதட்டும். இரண்டு வருடத்துக்கொருமுறை மாற்றுங்கள். இறக்கத்தில் இரண்டாம் கியர். நியூட்ரலில் உருட்டவே கூடாது.