டர்பன் வாடகை வழக்கில் நீங்கள் இல்லாமலே தீர்ப்பு வந்துவிட்டால்

தம்பி, நீங்கள் கேட்டது இதுதானே: டர்பன் ஓவர்போர்ட்டில் ஒரு வருட ஒப்பந்தத்தில் பிளாட் எடுத்திருந்தீர்கள். ஜோகன்னஸ்பர்க்கில் வேலை கிடைத்ததும் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்துவிட்டு நடுவிலேயே காலி செய்தீர்கள். இப்போது ஷெரிப் (கோர்ட் உத்தரவுகளை நிறைவேற்றும் அதிகாரி) வந்து, மீதி மாதங்களின் வாடகை முழுவதற்கும் டர்பன் மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் உங்கள் மேல் தீர்ப்பாகிவிட்டது என்று சாமான்களைப் பட்டியல் எடுத்துப் போயிருக்கிறார். சம்மனே கைக்கு வரவில்லை, என்ன செய்வது?

அந்தத் தீர்ப்பை ரத்து செய்யக் கேட்கலாம். ரெஸிஷன் மனு என்பார்கள். விஷயம் தெரிய வந்த நாளிலிருந்து 20 கோர்ட் நாட்களுக்குள் போட வேண்டும். சனி, ஞாயிறு, அரசு விடுமுறை கணக்கில் வராது. ஆனால் தீபாவளிக்கு இங்கே அரசு விடுமுறை கிடையாது, அதையும் எண்ணிக்கொள்ளுங்கள். தீர்ப்பாகி 10 நாளில் உங்களுக்குத் தெரிந்துவிட்டதாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுவது உங்கள் பொறுப்பு. அதனால் ஷெரிப் வந்த தேதியுள்ள காகிதத்தைப் பத்திரமாக வையுங்கள்.

அடுத்து, வழக்கு எண்ணை வைத்து கோர்ட் கிளார்க்கிடம் கோப்பைப் பாருங்கள், நகல் எடுங்கள். சம்மனை எங்கே, எப்படிச் சேர்த்தார் என்று ஷெரிப் எழுதிக் கொடுத்த அறிக்கை அதில் இருக்கும். பெரும்பாலும் ஒப்பந்தத்தில் நீங்கள் கொடுத்த பழைய பிளாட் முகவரியில்தான் விட்டுப் போயிருப்பார்கள். சட்டப்படி அது செல்லும். ஆனால் அப்போது நீங்கள் அங்கே இல்லை என்பதற்கு ஜோகன்னஸ்பர்க் வேலைக் கடிதமும் புது வீட்டு ஒப்பந்தமும் சாட்சி. புது முகவரியை வீட்டுக்காரருக்கு மின்னஞ்சலில் சொல்லியிருந்தால் இன்னும் நல்லது.

நம் ஆட்கள் பலர் இந்த இடத்தோடு நின்றுவிடுகிறார்கள். "எனக்குத் தெரியாது, சம்மன் வரவில்லை" என்பதையே நாலு பக்கம் எழுதுகிறார்கள். கோர்ட்டுக்கு அது பாதிதான். வழக்கைத் திரும்பத் திறந்தால் சொல்ல உங்களிடம் உண்மையான எதிர்வாதம் இருக்கிறதா என்பதுதான் மீதிப் பாதி. அது இல்லாவிட்டால் மனு நிற்காது.

உங்களிடம் அது இருக்கிறது என்றே நினைக்கிறேன். 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 14-ஆம் பிரிவுப்படி, வீடு வாடகைக்கு விடுவதையே தொழிலாகச் செய்பவரிடம் தனிநபர் போட்ட கால ஒப்பந்தத்தை, 20 வேலை நாள் முன்னதாக எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து முறிக்கலாம். வீட்டுக்காரர் நியாயமான ஒரு ரத்துக் கட்டணம் கேட்கலாமே தவிர, மிச்ச மாதங்கள் அத்தனைக்கும் வாடகை என்று கேட்பதை நீங்கள் எதிர்க்கலாம். பிளாட்டுக்கு அப்புறம் வேறு ஆள் குடிவந்துவிட்டாரா என்று விசாரியுங்கள். வந்திருந்தால் அதையும் எழுதுங்கள். டெபாசிட் விஷயமும் உண்டு. காலி செய்யும்போது சேர்ந்து வீட்டைப் பார்வையிட வீட்டுக்காரர் உங்களைக் கூப்பிடவே இல்லையென்றால், பிற்பாடு சேதம் என்று சொல்லி அதைப் பிடித்துக்கொள்ள வாடகை வீட்டுச் சட்டம் இடம் தராது.

இதையெல்லாம் அபிடவிட்டில், அதாவது சத்தியப் பிரமாண வாக்குமூலத்தில், தேதிவாரியாக எழுதி, போலீஸ் நிலையத்தில் சத்தியம் செய்து கையெழுத்திடலாம், காசு வாங்க மாட்டார்கள். மனு போட்டதும் பட்டியல் எடுத்த சாமான்களின் ஏலம் தானாக நின்றுவிடும் என்று இருக்காதீர்கள். தீர்ப்பை நிறைவேற்றுவதை நிறுத்தி வைக்கும்படி தனியாகக் கேளுங்கள். பட்டியலில் அறைத்தோழரின் லேப்டாப் சேர்ந்திருந்தால் அது தன்னுடையது என்று அவர் ரசீதோடு ஷெரிப்பிடம் உடனே எழுதிக் கொடுக்கட்டும்.

பயத்தில் வீட்டுக்காரரின் வக்கீலிடம் போய் "தவணையில் கட்டுகிறேன்" என்று கையெழுத்து மட்டும் போட்டுவிடாதீர்கள். தீர்ப்பை ஏற்றுக்கொண்டதாக உங்களுக்கு எதிராகவே அதைக் காட்டுவார்கள். மாறாக, தீர்ப்பை ரத்து செய்ய வீட்டுக்காரரே எழுத்தில் சம்மதிப்பாரா என்று கேட்கலாம். சம்மதித்தால் வேலை சுலபம்.

வக்கீல் செலவு கட்டுப்படியாகாவிட்டால் லீகல் எய்ட் சவுத் ஆப்பிரிக்கா அலுவலகத்தில் கேளுங்கள், வருமானம் பார்த்து உதவுவார்கள். டர்பனில் குவாசூலு-நடால் பல்கலைக்கழகச் சட்ட உதவி மையமும் இருக்கிறது. ரத்து உத்தரவு கிடைத்ததும் அதன் நகலைக் கிரெடிட் பீரோக்களுக்கு (நம் கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் நிறுவனங்கள்) அனுப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் அந்தத் தீர்ப்பு 5 வருடம் வரை உங்கள் பெயரில் கிடந்து, அடுத்த வீடு எடுக்கும்போதும் கார் கடன் கேட்கும்போதும் குறுக்கே நிற்கும்.