டேப் ஓரத்தில் கசியும் கறுப்பு

திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியரின் போர்க்கப்பலாக இருந்த பிஸ்மார்க்கை 1/700 அளவில் மாடலாகச் செய்கிறேன். கறுப்பு வெள்ளைப் பட்டைகளை மாஸ்கிங் டேப் ஒட்டித்தான் அடித்தேன். பிரித்துப் பார்த்தால் ஓரமெல்லாம் கசிந்திருக்கிறது. கப்பல் உடலில் இருக்கும் பட்டையும் அதன் மேல்தளத்துக்கு மேலே எழும் மேற்கட்டுமானத்தில் இருக்கும் பட்டையும் சேரவில்லை. காற்றால் பெயின்ட் தெளிக்கும் ஏர்பிரஷ் வாங்கினால் சரியாகுமா?"

இதற்காக ஏர்பிரஷ் வாங்க வேண்டாம். ஏர்பிரஷ் ஓரத்தில் 1 மி.மீ. புகைபோல் படிந்தாலே, நிஜக் கப்பலில் அது 70 செ.மீ. கலங்கல். பிஸ்மார்க்கின் பட்டைகளோ வெட்டி ஒட்டினாற்போல் இருந்தவை. தட்டையான சின்னப் பிரஷே போதும்.

கசிவுக்கு வருவோம். நம்மூர் சுங்குடியில் முடிச்சு இறுக்கமாக இருந்தால்தான் புள்ளி வெள்ளையாக நிற்கும். தளர்ந்தால் சாயம் உள்ளே ஓடிவிடும். டேப்பும் அப்படித்தான். கார் பெயின்ட் கடை டேப் இந்த வேலைக்கு ரொம்பத் தடிமன். மாடலுக்கென்று வரும் மெல்லிய டேப்பை வாங்குங்கள். அதையும் சுருளிலிருந்து எடுத்த கையோடு ஒட்டாதீர்கள். அதன் ஓரத்தில் தூசி அப்பியிருக்கும். ஒரு கண்ணாடித் துண்டின் மேல் ஒட்டி, புது பிளேடால் ஓரத்தை நறுக்கிக்கொள்ளுங்கள்.

ஒட்டியதும், புடைத்து நிற்கும் வட்டச் சன்னல், கதவு எல்லாவற்றையும் சுற்றிப் பல்குத்தும் குச்சியால் அழுத்திவிடுங்கள். உடனே கறுப்பை எடுக்க வேண்டாம். டேப்புக்கு அடியில் என்ன நிறமோ, அதையே ஓரத்தில் மெல்லிசாக ஒரு கோட் கொடுங்கள். வெள்ளை என்றால் வெள்ளை, சாம்பல் என்றால் சாம்பல். கசிய வேண்டியது அதே நிறத்தில் கசிந்து இடுக்கை அடைத்துவிடும். காய்ந்த பிறகு கறுப்பு, இரண்டு மூன்று மெல்லிய கோட்டாக. டப்பாவில் இருக்கும் கறுப்பை அப்படியே பூசினால் பொம்மைபோல் தெரியும். கொஞ்சம் சாம்பல் கலந்துகொள்ளுங்கள்.

சித்திரை வெயிலில் அக்ரிலிக் பெயின்ட் பிரஷ் நுனியிலேயே காய்ந்துபோகும். காய்வதைத் தாமதமாக்கும் ரிடார்டர் ஒரு சொட்டு விடலாம். நான் காலை ஆறு மணிக்கே உட்கார்ந்துவிடுவேன். டேப்பை ராத்திரி முழுக்க விட்டுவைத்தால் வெக்கையில் பசை இளகி ஒட்டிக்கொள்ளும். பெயின்ட் காய்ந்ததும், தன் மேலேயே மடித்தாற்போல் மெதுவாக உரியுங்கள்.

பட்டை சேராததற்குக் காரணம், உடலையும் மேற்கட்டுமானத்தையும் தனித்தனியாக அளந்து அடித்ததாகத்தான் இருக்கும். நிஜக் கப்பல் 251 மீட்டர், உங்களுடையது 35.9 செ.மீ. பட்டைகள் காட்டும் வரைபடத்தில் கப்பல் 20 செ.மீ. நீளம் என்றால், மாடல் அளவுக்கு வர ஜெராக்ஸ் கடையில் 179 சதவீத அளவில் எடுக்கச் சொல்லுங்கள். பாகங்களைக் கோந்து போடாமல் அடுக்கி, மேசை விளிம்புக்குக் கண்ணைத் தாழ்த்தி, ஒற்றைக் கண்ணால் பக்கவாட்டில் பார்த்தபடி பென்சிலால் புள்ளி வையுங்கள். அந்த நிறங்கள் எதிரி பக்கவாட்டில் பார்ப்பதற்காகப் பூசப்பட்டவை. மேலிருந்து பார்த்துப் பட்டை போட்டால், முன்பக்க வளைவில் நிச்சயம் கோணிக்கொள்ளும்.

கப்பலில் உருமறைப்பு என்றாலே ஒளிந்துகொள்வது என்று அர்த்தமில்லை. 1917-இல் நார்மன் வில்கின்சன் புகுத்திய 'டாசில்' முறை, கப்பல் எந்தப் பக்கம் போகிறது என்று நீர்மூழ்கிக்காரனைக் குழப்பத்தான். பிஸ்மார்க்கின் இரு முனைகளையும் அடர்சாம்பலாக்கி, பொய்யாக ஒரு நுரை அலையும் வரைந்தது, நீளத்தைக் குறைத்துக் காட்ட. 1914-இல் சென்னையில் குண்டு போட்ட ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் பெயின்டை நம்பவில்லை. தன் மூன்று புகைபோக்கிகளோடு பொய்யாக நான்காவதை நட்டுக்கொண்டு பிரிட்டிஷ் கப்பல்போல் திரிந்தது. சும்மாவா நம்மூரில் சாமர்த்தியசாலியை 'எம்டன்' என்கிறோம்!

சரி, ஏற்கெனவே கசிந்த கப்பலை என்ன செய்வது? பெயின்டை முழுக்கச் சுரண்ட வேண்டாம். நுண்ணிய பிரஷால் அடி நிறத்தைத் தொட்டுத் தொட்டு ஓரத்தை நேராக்குங்கள். அதுவும் கைகூடவில்லையென்றால் பட்டைகளின் மேல் சாம்பலைப் பூசிவிடுங்கள். 1941 மே 21 அன்று நார்வேயில் நங்கூரம் பாய்ச்சி நின்றபோது ஜெர்மானியரும் அதைத்தான் செய்தார்கள். மூன்று நாள் கழித்து பிரிட்டிஷ் போர்க்கப்பல் 'ஹூட்'டை மூழ்கடித்தது பட்டை மறைக்கப்பட்ட பிஸ்மார்க்தான். யாராவது கேட்டால் தேதியைச் சொல்லுங்கள்.