தக்காளி கிலோ 15 ரூபாய்க்கு விற்கும்போது நிறைய வாங்கி, வீட்டிலேயே விழுதாக்கி பாட்டிலில் அடைத்து ஒரு வருஷம் வைத்துக்கொள்ளலாமா? செலவு குறைந்த, பயமில்லாத வழி எது?

விழுதாக அரைத்துக் கொதிக்கவிட்டு, சூட்டோடு பாட்டிலில் ஊற்றி, மேலே எண்ணெய் விட்டு இறுக மூடி அலமாரியில் வைக்கிற வேலை மட்டும் வேண்டாம். வீடியோக்களில் பார்க்கச் சுலபமாகத்தான் இருக்கும். மற்றபடி வத்தல் போடலாம், ஃப்ரீசரில் வைக்கலாம், தொக்கு கிளறலாம்.

ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், எண்ணெய் மேலே நின்றால் எதுவும் கெடாது என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது பாதிதான் உண்மை. எண்ணெய் காற்றைத் தடுக்கும், அதனால் பூஞ்சை பிடிக்காது. ஆனால் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமிக்குக் காற்று இல்லாத இடம்தான் வேண்டும். அதன் வித்துகள் மண்ணில் இருப்பவை, ஒரு கொதிக்குச் சாகாது. மூடிய பாட்டிலுக்குள் நிதானமாக முளைத்து விஷத்தை உண்டாக்கும். நாற்றமோ நிறமாற்றமோ தெரியாமலும் போகலாம்.

அதை முளைக்கவிடாமல் தடுப்பது புளிப்பு. அமிலத்தன்மையைக் குறிக்கும் பிஎச் 4.6-க்குக் கீழே இருந்தால் அது வளராது. தக்காளியின் பிஎச் ஏறக்குறைய 4.3-லிருந்து 4.9 வரை போகும், அதாவது சரியாக வரப்பின் மேல் நிற்கிறது. நாட்டுத் தக்காளி புளிக்கும், நன்றாகக் கனிந்த பெங்களூர்த் தக்காளி அவ்வளவு புளிக்காது. உங்கள் கூடையில் இருப்பது வரப்புக்கு எந்தப் பக்கம் என்று நாக்கை வைத்துச் சொல்ல முடியாது. நம் ஆட்கள் தக்காளித் தொக்கில் புளி சேர்ப்பது ருசிக்காகத்தான் என்றாலும், இந்த விஷயத்தில் அது பெரிய உதவி. பூண்டை வெறும் எண்ணெயில் ஊறப்போட்டு வெளியே வைப்பதும் இதே காரணத்துக்காக ஆபத்து. அதில் புளிப்பே கிடையாது.

சரி, தொக்கு. ஒரு கிலோ நாட்டுத் தக்காளிக்குப் பெரிய எலுமிச்சை அளவு புளி, கல்லுப்பு இரண்டு மேஜைக்கரண்டி, மிளகாய்த்தூள் உங்கள் காரத்துக்கு, நல்லெண்ணெய் 150-லிருந்து 200 மில்லி. தக்காளியைக் கழுவித் துடைத்து, ஃபேனுக்கு அடியில் துணியில் பரப்பி ஈரம் போகவிடுங்கள். தொக்கு அடைக்கப்போகும் பாட்டில்களையும் கழுவி வெயிலில் காயவைத்துவிடுங்கள். அடிகனமான, அகலமான எவர்சில்வர் பாத்திரம் நல்லது. புளிப்புச் சரக்கை அலுமினியத்தில் கிளறாதீர்கள். நறுக்கிய தக்காளியோடு புளியையும் போட்டால் அது அந்தச் சாற்றிலேயே வெந்துவிடும், தனியாகத் தண்ணீர் விட வேண்டாம். ஆறியதும் அரைத்துவிட்டு, கடுகு தாளித்த எண்ணெயில் திரும்ப ஊற்றி, உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுக் கிளற வேண்டும். நடுவில் ஒரு கட்டம் வரும், கொதித்துக் கைமேலெல்லாம் தெறிக்கும். அப்போது மூடிவைக்கத் தோன்றும், மூடாதீர்கள். மூடியில் கோத்த ஆவி திரும்ப உள்ளேதான் சொட்டும். தீயைக் குறைத்து, நீளக் கரண்டியாக எடுத்துக்கொள்ளுங்கள். தெறிப்பது அடங்கி, ஓரத்தில் எண்ணெய் பிரிந்து, கரண்டியால் பாத்திரத்தின் அடியில் ஒரு கோடு இழுத்தால் அந்தக் கோட்டில் தண்ணீர் ஓடிவராமல் நிற்கும். அதுதான் பதம். பெருங்காயமும் வறுத்துப் பொடித்த வெந்தயமும் சேர்த்து இறக்கி, நன்றாக ஆறிய பிறகு பாட்டிலில் எடுங்கள்.

இத்தனை செய்தாலும் வீட்டில் பிஎச் அளந்து பார்க்கப்போவதில்லை. அதனால் நான் இதை ஃப்ரிட்ஜில்தான் வைக்கச் சொல்வேன். அன்றாடத்துக்கு ஒரு சின்ன பாட்டில் தனியாக, அதில் ஈரமில்லாத ஸ்பூன். மேலே ஒரு ஓரத்தில் பூஞ்சை தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் வழித்துப் போட்டுவிட்டு மீதியைச் சாப்பிடுவது நிறைய வீடுகளில் நடக்கிறது. மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். தொக்கு சிக்கனம் என்று எல்லோரும் சொல்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தக்காளி 15 ரூபாய், அதற்கு ஊற்றுகிற நல்லெண்ணெய் அதைப்போல் சில மடங்கு, அப்புறம் கேஸ். தக்காளியில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர்தான், சொல்லப்போனால் 94 சதவீதம். அந்தத் தண்ணீரைக் காசு கொடுத்து எரிக்கிறோம். காலையில் தோசைக்குத் தொட்டுக்கொள்ள அரைக்கிற வேலை மிச்சம் என்று கிளறினால் சரி. தக்காளி மலிவு என்பதற்காகப் பத்து கிலோ கிளறுவது சேமிப்பு ஆகாது. உப்பும் எண்ணெயும் அதிகம் என்பதால் ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் இருக்கிற வீட்டில் இன்னும் யோசிக்க வேண்டும்.

அதே தண்ணீரை வெயில் சும்மா எடுத்துக்கொடுக்கும். வத்தலுக்குச் சதைப்பற்றுள்ள பெங்களூர்த் தக்காளிதான் தோது. நான்காக வகிர்ந்து, விதையோடு இருக்கும் நீரை வழித்து ரசத்துக்கு எடுத்துக்கொண்டு, உப்புப் பிசிறி, தோல் அடியில் இருக்கும்படி தட்டில் பரப்பி, மேலே கொசுவலைத் துணி போட்டு மொட்டைமாடியில் வையுங்கள். சாயங்காலம் பனி இறங்குமுன் உள்ளே வந்துவிட வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் மூன்று நான்கு நாளில் காயும். சென்னை மாதிரிக் கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் இருப்பதால் இன்னும் இழுக்கும், மழை மாதங்களில் தொடவே தொடாதீர்கள். மடக்கினால் ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஒரு வெயில் தேவை. கிலோவுக்கு 50, 60 கிராம்தான் தேறும், பார்க்க ஏமாற்றமாக இருக்கும். ஆனால் அந்த ஒரு பிடியில் ஒரு கிலோ தக்காளியின் சதையில் இருந்த புளிப்பு இருக்கிறது. காற்றுப்புகாத டப்பாவில் போட்டுவைத்து, வெந்நீரில் ஊறவைத்துக் குழம்புக்கு அரைக்கலாம்.

ஃப்ரீசரில் இடம் இருந்தால் அதைவிடச் சுலபம் எதுவுமில்லை. கழுவித் துடைத்த தக்காளியை முழுசாகக் கவரில் போட்டு வையுங்கள். வேண்டும்போது குழாய்த் தண்ணீரில் காட்டினால் தோல் கையோடு உரிந்து வரும். சாலட்டுக்கு ஆகாது, குளகுளவென்று இருக்கும். சாம்பார், ரசம், கிரேவிக்குக் குறையே தெரியாது. உப்பும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். கரண்ட் போனால் கதவைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். நிறைந்த ஃப்ரீசர் மூடியே இருந்தால் இரண்டு நாள் வரைகூடக் குளிர் தாங்கும், பாதி நிறைந்தது ஒரு நாள்.

வாங்கும்போதே பாதி பழமாகவும் பாதி செங்காயாகவும் பொறுக்குங்கள். செங்காயைக் காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி கூடையில் ஒற்றை அடுக்காக வைத்தால் வெளியிலேயே ஒரு வாரம் ஓடும். வெடித்ததை அன்றே சமையலுக்கு எடுத்துவிடுங்கள். 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டி, ரேஷன் கடையில் 60 ரூபாய்க்குக் கொடுத்தார்களே, அந்த மாதிரி மாதங்களை எண்ணி மூட்டை கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. விலை ஏறினால் ஒரு மாதம் புளிக்குழம்பும் மோர்க்குழம்பும் வைத்துக்கொள்ளலாம், இரண்டுக்கும் தக்காளி தேவையே இல்லை.