திருமண வீடியோ எடிட்டிங்: மேக்கா, விண்டோஸா?

கேள்வி: திருமண வீடியோ தொழில் செய்கிறேன். சோனி கேமராவில் 4கே, 10 பிட் 4:2:2, எச்.265 அமைப்பில் எடுத்து, பல ஆண்டுகளாக எடியஸ் மென்பொருளில் எடிட் செய்து வருகிறேன். பழைய கம்ப்யூட்டரில் டைம்லைன் நின்று நின்று ஓடுகிறது. நண்பர்கள் ஆப்பிளின் மேக் மினி (மானிட்டரும் கீபோர்டும் இல்லாமல் வரும் சிறிய கம்ப்யூட்டர்) வாங்கச் சொல்கிறார்கள். மானிட்டரும் கீபோர்டும் இருக்கின்றன. எதை வாங்குவது?
வாசகர், திண்டுக்கல்

பதில்: எடியஸிலேயே தொடர்வதாக இருந்தால் மேக் வாங்க வேண்டாம். எடியஸ் விண்டோஸில் மட்டுமே இயங்கும் என்பதால், நீங்கள் சேர்த்து வைத்திருக்கும் டெம்ப்ளேட்டுகளும் பழைய புராஜெக்டுகளும் மேக்கில் திறக்கமாட்டா. முகூர்த்த மாதத்தில் ஆர்டர்கள் குவிந்திருக்கும்போது புது மென்பொருளைப் பழகத் தொடங்கினால், வாடிக்கையாளருக்குச் சொன்ன தேதி தவறிவிடும்.

உங்கள் டைம்லைன் தடுமாறுவதற்குக் காரணம் விண்டோஸ் அன்று. நீங்கள் எடுக்கும் அமைப்பில் (எச்.265 என்பது சுருக்கும் முறை, 4:2:2 என்பது கூடுதல் நிற விவரம்) காட்சிகள் மிகவும் இறுக்கிச் சுருக்கப்பட்டிருக்கும். அவற்றை விரிப்பதற்கென்று சிப்பில் தனிச் சுற்று இல்லாவிட்டால், முழுச் சுமையும் பிராசஸர்மீது விழும். ஆப்பிளின் எம் வரிசைச் சிப்புகளில் அந்தச் சுற்று இருப்பதால்தான் மேக் மினி இந்தக் காட்சிகளைத் தடையின்றி ஓட்டுகிறது. அதே வசதி 12ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தையவையுமான இன்டெல் பிராசஸர்களின் உள் கிராஃபிக்ஸில் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ் பகுதி), குயிக் சிங்க் என்ற பெயரில், இருக்கிறது. எடியஸ் அதைப் பயன்படுத்திக்கொள்கிறது.

இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். மாடல் எண் 'எஃப்' என்ற எழுத்தில் முடியும் இன்டெல் பிராசஸர்களில் உள் கிராஃபிக்ஸ் கிடையாது. விலை சற்றுக் குறைவு என்றும், தனி கிராஃபிக்ஸ் கார்டு போடுவதால் அது தேவையில்லை என்றும் கடையில் சொல்லக்கூடும். விளையாட்டுக்கு அந்த வாதம் சரி, உங்களுக்குச் சரியன்று. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 40 வரிசை வரையிலான கார்டுகளால் 4:2:2 காட்சிகளை விரிக்க இயலாது. 2025இல் வந்த 50 வரிசையில்தான் அது சேர்க்கப்பட்டது. எனவே 'எஃப்' இல்லாத பிராசஸர், 32 ஜிபி ரேம், நடப்பு வேலைக்கு ஒரு என்விஎம்இ எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பகம்) என்று வாங்குங்கள். பழைய திருமணங்களைச் சேமிக்கச் சாதாரண ஹார்டு டிஸ்க் போதும்.

மென்பொருளையே மாற்றும் எண்ணம் இருந்தால், விண்டோஸ், மேக் இரண்டிலும் இயங்கும் டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பை, திருமணங்கள் இல்லாத ஆடி மாதத்தில் பழகிப் பார்த்த பிறகு மேக் வாங்கலாம். 2024இல் வந்த எம்4 மேக் மினியின் அறிமுக விலை ரூ. 59,900, அதில் 16 ஜிபி நினைவகமும் 256 ஜிபி சேமிப்பும் உண்டு. நினைவகத்தைப் பின்னால் கூட்ட முடியாது என்பதால் கூடுதல் பணத்தை 24 ஜிபிக்குச் செலவிடுங்கள். சேமிப்புக்கு வெளியே எஸ்எஸ்டி இணைத்துக்கொள்ளலாம். விண்டோஸில் என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்த உங்கள் பழைய டிஸ்குகளை மேக் படிக்கும், அவற்றில் எழுதாது.

எதை வாங்கினாலும் பில்லில் முழு மாடல் எண்ணை எழுதச் சொல்லுங்கள். ஜிஎஸ்டி பதிவு இருந்தால் உங்கள் எண்ணையும் பில்லில் சேருங்கள். செலுத்தும் 18% வரியை உள்ளீட்டு வரி வரவாகக் கோரலாம், அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம்.