மிரர் இருந்தும் தரவு போகுமா? யூனிக்ஸ் சர்வர் கேள்வி பதில்

புக்கிட் பாத்தோக்கில் அச்சகம் நடத்துபவர்: அண்ணா, எங்கள் சர்வரில் இரண்டு வட்டுகள் மிரராக ஓடுகின்றன. பிறகு தனியாகப் பேக்கப் எதற்கு என்று என் கூட்டாளி கேட்கிறார்.

அவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: போன வருடத்து டிசைன் கோப்புகளை யாராவது கைதவறி அழித்துவிட்டால், எந்த வட்டிலிருந்து எடுப்பது? மிரர் எழுதுவதை இரண்டு வட்டிலும் எழுதும், அழிப்பதை இரண்டிலும் அழிக்கும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்கினாலும் இரண்டும் சேர்ந்தே பூட்டிக்கொள்ளும். ஒரு வட்டு செத்தாலும் வேலை நிற்காமல் நடக்க வேண்டும், அதற்காகவே மிரர் இருக்கிறது. அந்த வேலையை அது அருமையாகச் செய்யும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்காதீர்கள்.

துவாஸ் தொழிற்சாலை ஊழியர்: சோலாரிஸ் என்ற யூனிக்ஸ் இயங்குதளம் ஓடும் பழைய சர்வர். ஒரு வட்டு பழுதான பிறகும் நன்றாகத்தான் ஓடியது. மின்தடைக்குப் பின் இயக்கினால் எழவே இல்லை. மிரர் இருந்தும் ஏன்?

இது பலரை நடு இரவில் அழவைத்த விஷயம். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சோலாரிஸில் மிரரை நடத்தும் வால்யூம் மேனேஜர் மென்பொருள், மிரரின் நிலைக் கணக்கைச் சிறு நகல்களாக வட்டுகளிலேயே வைத்திருக்கும். ரெப்ளிகா என்போம். ஓடிக்கொண்டிருக்கும் சர்வருக்கு அவற்றில் பாதி இருந்தால் போதும். புதிதாக எழும் சர்வருக்குப் பாதிக்கு மேல் ஒன்றாவது வேண்டும். நீங்கள் இரண்டு வட்டிலும் தலா 3 வைத்திருந்திருப்பீர்கள். ஒரு வட்டு போனதும் 6-இல் 3 மிஞ்சியது. ஓட அது போதும், எழப் போதாது.

இப்போது சர்வர் பராமரிப்பு நிலையில் ரூட் (தலைமை நிர்வாகி) கடவுச்சொல் கேட்டு நிற்கும். உள்ளே போய், மெட்டாடிபி கட்டளையால் செத்த வட்டின் 3 ரெப்ளிகாக்களையும் நீக்குங்கள். கணக்கு 3-க்கு 3 ஆகிவிடும், மறுபடி இயக்கினால் எழுந்துவிடும். பிறகு மூன்றாவது வட்டு ஒன்றைச் செருகி, அதிலும் 3 ரெப்ளிகா வையுங்கள். சின்ன வட்டு போதும். இரண்டாம் வட்டில் பூட் பிளாக், அதாவது சர்வரை எழுப்பும் சிறு நிரல், இருக்கிறதா என்றும் பாருங்கள். மிரர் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாமல், அதை எழுதும் இன்ஸ்டால்பூட் கட்டளையை நீங்களே ஓட்டிவிடுங்கள்.

சாங்கியில் சரக்குக் கிடங்கு நிர்வாகி: தினமும் இரவு 11 மணிக்கு மிரரில் ஒரு பாதியைப் பிரித்து, அதிலிருந்து டேப்பில் பேக்கப் எடுத்துவிட்டுத் திரும்பச் சேர்க்கிறோம். சரியா?

முறை தவறில்லை, ஆனால் மூன்று இடத்தில் கால் இடறும். பிரித்த நேரத்தில் உங்களிடம் மிரரே இல்லை. திரும்பச் சேர்க்கும்போது முழு வட்டும் மறுபடி நகலாகும்: 8 டெராபைட் வட்டு, நொடிக்கு 150 மெகாபைட் வேகம் என்றால் ஏறக்குறைய 15 மணி நேரம். அத்தனை நேரமும் ஒற்றை நல்ல வட்டின் முதுகில்தான் சுமை. மூன்றாவது, டேட்டாபேஸ் ஓடும்போதே பிரித்தால் அந்தப் பாதி திடீரென்று மின்சாரம் போன நிலையில் இருக்கும். பிரிக்கும் முன் டேட்டாபேஸை நிறுத்துங்கள் அல்லது பேக்கப் நிலைக்கு மாற்றுங்கள்.

சோலாரிஸில் பாதியைப் பிரிக்க மெட்டாடிடாச் கட்டளைக்குப் பதில் மெட்டாஆஃப்லைன் கட்டளையைப் பயன்படுத்தினால், திரும்பச் சேர்க்கும்போது இடையில் மாறிய பகுதிகள் மட்டுமே நகலாகும். வசதியிருந்தால் மூன்று வட்டு மிரர் வையுங்கள், ஒன்றைப் பிரித்தாலும் இரண்டு மிஞ்சும். ஸெட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை என்றால் இந்தச் சிரமமே வேண்டாம். ஸ்னாப்ஷாட் (அந்த நொடியில் தரவு இருந்த நிலையின் பதிவு) எடுத்து, மாற்றங்களை மட்டும் வேறொரு சர்வருக்கு அனுப்பிவிடலாம். ஸ்னாப்ஷாட் இருப்பது அதே வட்டுகளில்தான். அனுப்பாமல் விட்டால் அது பேக்கப் ஆகாது.

தெம்பனிஸ் வாசகி: பழுதான வட்டு எது என்று வெளியிலிருந்து எப்படி அடையாளம் காண்பது?

வட்டின் வரிசை எண்ணை வைத்து மட்டும். பாய லேபாரில் ஓர் அலுவலகத்தில், மேலே இருப்பதுதான் முதல் வட்டு என்று நம்பி ஒன்றை இழுத்தேன். விசிறிச் சத்தம் மாறவில்லை, திரையில் ஓடிக்கொண்டிருந்த எழுத்து மட்டும் நின்றுபோனது. நல்ல வட்டு என் கையில் வெதுவெதுப்பாக இருந்தது. அன்று மாலை முழுவதும் கணக்குப் பிரிவினர் டேப்பிலிருந்து தரவு திரும்பும்வரை காத்திருந்தார்கள். அந்த முகங்கள் எனக்கு மறக்கவில்லை. இப்போது சர்வர் வந்த அன்றே ஸ்மார்ட்சிடிஎல் கட்டளை காட்டும் வரிசை எண்ணை எழுதி, வட்டு செருகும் ஒவ்வொரு தட்டின் முகப்பிலும் ஒட்டிவிடுகிறேன்.

ஈசூன் வாசகர்: சிம் லிம் ஸ்குவேரில் ஒரே பெட்டியிலிருந்து இரண்டு வட்டு வாங்கலாமா?

வேண்டாம். ஒரே தொகுதியில் செய்த வட்டுகளில் ஒரே குறை இருக்கலாம், இரண்டும் அடுத்தடுத்துப் போகலாம். மாற்று வட்டு வாங்கும்போது பழையதைவிடத் துளியும் சிறியதாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜூரோங் மருந்தகத்தில் பணிபுரிபவர்: கழற்றிய பழுது வட்டைக் குப்பையில் போடலாமா?

தயவுசெய்து போடாதீர்கள். மிரரின் ஒவ்வொரு பாதியும் முழுப் பிரதி. வேறு கணினியில் செருகினால், வாடிக்கையாளர் பெயரும் தொலைபேசி எண்ணும் படிக்கக் கிடைக்கலாம். சிங்கப்பூரின் 2012 தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி அதைக் காக்கும் பொறுப்பு உங்கள் நிறுவனத்துடையது. வட்டை உடைத்து அழித்துச் சான்று தரும் சேவையை நாடுங்கள். அடுத்த சர்வரில் முதல் நாளிலிருந்தே தரவைக் கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்து வையுங்கள்.

கோயில் அலுவலகத் தொண்டூழியர்: ஒரு டெராபைட்டுக்கும் குறைவான தரவு. வெளி வட்டு ஒன்றைச் சர்வரில் செருகியே வைத்திருக்கிறோம். போதுமா?

போதாது. இன்னொன்று வாங்கி வாரம் ஒன்றாக மாற்றுங்கள். செருகாதது கோயிலில் இல்லாமல் பொறுப்பாளர் ஒருவர் வீட்டில் பூட்டியிருக்கட்டும், குறியாக்கம் செய்து. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வீட்டிலிருக்கும் அந்த வட்டை வேறொரு கணினியில் செருகி, போன வருட நன்கொடைப் பதிவு ஒன்றைத் திறந்து, ரசீது எண்ணைக் காகிதக் கோப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். பத்து நிமிட வேலை. முதல் முறை செய்யும்போது சிக்கினால் எழுதுங்கள், உட்கார்ந்து சரிசெய்வோம்.